சுகர் உள்ள அம்மாவுக்கு ரிஃப்ளக்ஸ் ஸ்கேன், காலை மாத்திரை பற்றி ஒரு கேள்வி

ஊர் காவேரிப்பட்டணம். அம்மாவுக்கு வயது 61. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது, விடியற்காலையில் இருமல், குரலும் கம்மிவிட்டது. பொங்கலுக்கு முன்பு ஆரம்பித்தது. எண்டோஸ்கோபி நார்மல். அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் 40 போடுகிறார். கட்டில் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் கொடுத்தோம், ராத்திரிக் களியை நிறுத்தி ஏழு மணிக்கே இட்லி. நெஞ்செரிச்சல் அடங்கியது, இருமல் அடங்கவில்லை.

இப்போது இப்படி வயிற்றிலிருந்து மேலே ஏறுவதை (ரிஃப்ளக்ஸ்) பார்க்க பெங்களூரில் நியூக்ளியர் ஸ்கேன். டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பாலோ ஜூஸோ குடிக்க வைத்து, காமா கேமராவுக்கு அடியில் படுக்க வைத்து எடுப்பார்கள். கதிர்வீச்சு பயமில்லை, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் சமாச்சாரம்தான். சிக்கல் வேறு. சீட்டில் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று மட்டும் இருக்கிறது. செவ்வாய் காலை பத்து மணிக்கு ஸ்கேன். ஓசூர் டிராஃபிக்கைத் தாண்ட ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். அம்மா காலையில் சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுபவர். சாப்பிடாமல் போட்டால் லோ சுகராகி வியர்த்துக் கொட்டும்.

ஸ்கேன் சென்டரில் போனை எடுப்பதில்லை. உள்ளூர் டாக்டர் அவர்களிடமே கேட்கச் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்பில் பாதி மாத்திரை போடுங்கள் என்கிறார்கள், அதை நம்ப மனமில்லை.

சுகர் உள்ளவர்கள் இந்த ஸ்கேன் எடுத்திருந்தால், அன்று காலை மாத்திரையை என்ன செய்யச் சொன்னார்கள்?