அப்பாவின் டீயும் ட்ரைகிளிசரைடும்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. போன வாரம் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238 (150-க்குள் இருக்க வேண்டும்), 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 142. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். டீயைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

நாளுக்கு 6 டீ. எல்லாமே கெட்டிப் பால், ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சீனி. கணக்குப் போட்டால் சீனி மட்டும் சுமார் 50 கிராம். கூட வரும் வடை தனிக்கணக்கு! ட்ரைகிளிசரைடை ஏற்றுவது தேயிலை இல்லை, இந்தச் சீனிதான் என்பது என் எண்ணம். கிரீன் டீ எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிறிய அளவுதான், மாத்திரைக்கு மாற்று ஆகாது. சரி, முயன்று பார்ப்போமே என்று போட்டுக் கொடுத்தேன். "வைக்கோல் ஊறின தண்ணி" என்று ஒரே வாயோடு வைத்துவிட்டார்.

இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டுச் சீனியில்லாமல் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? நாக்கு பழக எத்தனை நாள் ஆனது? மறுபரிசோதனையில் எண் இறங்கியதா? அப்புறம், கொலஸ்ட்ரால் மாத்திரையோடு கிரீன் டீ குடிப்பவர்களுக்கு மருத்துவர் என்ன சொன்னார்? கிரீன் டீ கேப்சூல் மட்டும் சொல்லாதீர்கள், அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.