2019 எல்.எஸ்.யு. பருவம்: தற்காப்பு இவ்வளவு தளர்ந்தும் 15-0 எப்படிச் சாத்தியமானது?

கேள்வி

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்.எஸ்.யு. டைகர்ஸ் அணி 2019 பருவத்தில் ஆடி, ஒன்றில்கூடத் தோற்காமல் வென்ற 15 ஆட்டங்களையும் பதிவுகளில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) இதைவிடச் சிறந்த அணி இல்லை என்று பலரும் சொல்லக் கேட்டுத்தான் பார்க்கத் தொடங்கினேன். ஆனால் நவம்பர் 16 அன்று ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியுடன் நடந்த ஆட்டம் என்னைக் குழப்பிவிட்டது. 58-37 என்று வென்றார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அந்த ஆண்டு 4-8 (நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி) என்று முடித்த ஓர் அணிக்கு 600 யார்டுகளுக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள், அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஓடியே 200 யார்டுகளைக் கடந்தார். வாண்டர்பில்ட்கூட இவர்களுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்தது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஒர்ஜெரான், குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ இருவருமே 2018இல் 10-3 என்று முடித்த அணியிலும் இருந்தவர்கள்தாம். ஓராண்டில் மாறியது என்ன? இத்தகைய தற்காப்பை வைத்துக்கொண்டு ஓர் அணியைத் தலைசிறந்தது என்று சொல்வது தகுமா?

முதல் பதில்

மாறியது ஆட்டமுறை. 2018இல் பர்ரோ எறிந்த டச் டவுன்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி பெறுவது) 16, எறிந்தவற்றில் கைசேர்ந்தவை 57.8 விழுக்காடு. 2019இல் அவை 60 ஆகவும் 76.3 விழுக்காடாகவும் உயர்ந்தன. ஒருவருடைய தோள்வலிமை ஓராண்டில் இப்படிப் பெருகிவிடாது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த, முப்பது வயதைக்கூட எட்டாத ஜோ பிரேடி, எறிதல் ஆட்டத்துக்கான பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். அதன்பின், பந்து வாங்கக்கூடிய ஐவரையும் மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பிவிட்டு, பர்ரோவைத் தனியே நிறுத்துவது இவர்களின் வாடிக்கையாயிற்று. ஐவர் பரவி நின்றால் எதிரணி தன் திட்டத்தை ஒளித்துவைக்க முடியாது. யார் யாரைக் காக்கிறார் என்பது பந்து நகர்வதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும், அதைப் படிப்பதில் பர்ரோவுக்கு நிகர் அன்று எவருமில்லை.

செப்டம்பர் 7 அன்று ஆஸ்டினில் நடந்த டெக்சஸ் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை மறுபடி பாருங்கள். 37-31 என்ற நிலை, இரண்டரை நிமிடம் மீதம், மூன்றாவது டவுன் (பந்தை முன்னகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கடக்கவேண்டியது 17 யார்டு. வழக்கமான பயிற்சியாளராக இருந்தால் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, நேரத்தைக் கரைத்துவிட்டுப் பந்தை உதைத்துக் கொடுத்திருப்பார். இவர்கள் எறிந்தார்கள். டெக்சஸ் ஆட்களைக் குவித்துப் பாய்ந்து வந்தபோது பர்ரோ சற்றே நகர்ந்து இடம் தேடிக்கொண்டு, குறுக்கே ஓடிவந்த ஜஸ்டின் ஜெபர்சனிடம் பந்தைச் சேர்த்தார். அது 61 யார்டு டச் டவுனாக முடிந்தது. முந்தைய ஆண்டின் எல்.எஸ்.யு. அந்த இடத்தில் எறிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாம் பதில்

மேலே எழுதிய நண்பர் எல்லாப் புகழையும் பிரேடிக்கே அளித்துவிட்டார். இது பலரும் செய்கிற பிழை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் என்பவர். மைதானத்துக்கு மேலுள்ள அறையில் அமர்ந்து, ஒவ்வொரு முறையும் எந்தத் திட்டத்தை ஆடவேண்டும் என்று சொன்னவர் அவரே. ஓக்லஹோமாவுடன் தேசிய அரையிறுதி நடந்த அன்று, ஆட்டத்துக்குச் சற்று முன்பு அவருடைய மருமகள் விமான விபத்தில் இறந்த செய்தி வந்தது. அவர் தம் இடத்தில் அமர்ந்து வேலையைச் செய்தார். பர்ரோ முதற்பாதியிலேயே ஏழு டச் டவுன்கள் எறிந்தார், ஆட்டம் 63-28 என்று முடிந்தது. ஐவரைப் பரப்பி நிறுத்தினால் பர்ரோவைக் காக்க முன்வரிசை ஐவர் மட்டுமே எஞ்சுவார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது அந்த ஆண்டு இவர்களுக்குத்தான் கிடைத்தது.

மூன்றாம் பதில்

கேள்வி தற்காப்பைப் பற்றியது. அதற்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

ஓல் மிஸ் ஆட்டத்தை நியாயப்படுத்த நான் வரவில்லை, அது மோசமான ஆட்டம்தான். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 2018இல் ஏழு கூடுதல் நேரங்கள் நீண்டு 74-72 என்று தங்களைத் தோற்கடித்த டெக்சஸ் ஏ அண்டு எம் அணியை இம்முறை 50-7 என்று வீழ்த்தினார்கள். தங்கள் வட்டார அணிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவுக்கு 10 புள்ளிகள் மட்டுமே கொடுத்தார்கள். தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்றிருந்த கிளெம்சன், தேசிய இறுதி ஆட்டத்தில் 17-7 என்று முந்திய பின்னர், எஞ்சிய நேரம் முழுவதிலும் எட்டே புள்ளிகள்தான் எடுத்தது, முடிவு 42-25. மேலும், தாக்குதல் இவ்வளவு விரைவாகப் புள்ளி எடுக்கும்போது எதிரணிக்குப் பந்து அடிக்கடி கிடைக்கும். ஆகையால் மொத்த யார்டுகளை வைத்து மட்டும் தற்காப்பை எடைபோடுவது சரியாகாது. விளையாடிய காலத்தில் தேசியத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த ஏழு அணிகளை இவர்கள் வென்றார்கள். தலைசிறந்தது என்ற பட்டத்தில் எனக்கும் தயக்கம் உண்டு, ஆனால் அதற்குக் காரணம் ஓல் மிஸ் ஆட்டம் அல்ல; அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவில் முதற்பாதி முடிவில் 33-13 என்று முந்தியிருந்தும் அலபாமாவை 46-41 வரை நெருங்கவிட்டதுதான் காரணம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு ஆபர்ன் ஆட்டத்தை மறுபடி பார்த்தேன்; 23-20 என்ற அந்த ஆட்டத்தில்தான் எல்.எஸ்.யு. அந்தப் பருவத்திலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்தது. முன்னே மூவரை மட்டும் நிறுத்திவிட்டு எண்மரைப் பின்னே அனுப்பியது ஆபர்ன். பரப்பி நிற்கும் ஆட்டத்துக்கு அது ஒரு மாற்றாகத் தோன்றியது. ஆனால் முன்னே ஆள் குறைந்ததும் எல்.எஸ்.யு.வில் பந்தை ஏந்தி ஓடும் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஓடியே நூறு யார்டுகளைத் தாண்டிவிட்டார். முதல்முறை பார்த்தபோது இதை மந்தமான ஆட்டம் என்று வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டேன்.