பேசினால் கன்னத்துக் காயத்தின் ஓரம் கிளம்பிவிடுகிறது: திகில் பட ஒப்பனையில் இப்போதுதான் தொடங்குகிறேன், உதவுங்கள்

இருட்டுப்பூ:
எல்லோருக்கும் வணக்கம். வெட்டுக்காயம், அழுகிய தோல், பேய் முகம் என்று திகில் படங்களில் வரும் ஒப்பனையைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. இரண்டு மாதமாக என் முன்கையிலேயே செய்து பழகினேன், நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் நண்பர்கள் எடுக்கும் குறும்படத்துக்கு ஒப்பனைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். போன வாரம் நாயகிக்கு முதல் ஒத்திகை. மூக்கோரத்தில் ஆரம்பித்து வாய்க்கோடி வரை ஒரு கத்திக்கீறல். டிஷ்யூ தாளும் லிக்விட் லேடெக்ஸும் (பூசினால் காய்ந்து தோல் மாதிரி ஆகும் திரவ ரப்பர்) அடிப்பூச்சு, அதன்மேல் ஸ்கார் வாக்ஸ் என்ற காயம் வடிக்கும் மெழுகு, கடைசியாகப் போலி ரத்தம்.

கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. அவள் வசனம் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வாய்ப்பக்க ஓரம் காய்ந்த பசை மாதிரி கிளம்பிவிட்டது. கேமராவில் பார்த்தால் ரத்தம் ரோஜா நிறம். மாநிற முகத்தில் வாக்ஸ் மட்டும் வெளிறிய திட்டாகத் தனியே தெரிகிறது. எடுத்த பிறகு லேடெக்ஸ் இருந்த இடம் சிவந்து, அரிப்பு வேறு. மறுநாள் காலை சரியாகிவிட்டது என்றாள், ஆனாலும் எனக்கு மனசே சரியில்லை.

படப்பிடிப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஒரு காட்சியில் அப்போதுதான் பட்ட காயம், இன்னொன்றில் அதே காயம் மூன்று நாள் கழித்து. நான் தோல் போலத் தெரியும் சிலிக்கான் ரப்பருக்கு மாறிவிட வேண்டுமா? முறையாகப் படிக்காமல் இதைச் செய்வது தப்பா?

மெழுகுவிரல்:
தங்கச்சி, இந்தத் தொழிலில் பாதி வேலை ஓரத்தில்தான். நடுவில் எவ்வளவு கோரமாகச் செய்தாலும் ஓரம் தெரிந்தால் பார்ப்பவருக்கு ஒட்டிய பொருள்தான் தெரியும், காயம் தெரியாது. சிலிக்கானுக்குப் போனாலும் இதே ஓரப் பிரச்சினை கூடவே வரும்.

முதலில் இடம். நாயகியை எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பு எப்படி இழுபடுகிறது பாருங்கள். முகத்திலேயே அதிகம் அசையும் இடங்களில் அது ஒன்று, உங்கள் கீறல் அதன்மேலேயே ஓடுகிறது. வாக்ஸ் கெட்டிப்படாது, தோலோடு சேர்ந்து நீளவும் நீளாது. நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு மாதிரி அதிகம் அசையாத இடத்தில்தான் அது நிற்கும். முன்கையில் நன்றாக வந்ததற்கும் அதுதான் காரணம், கை பேசாது அல்லவா? கதை இடம் கொடுத்தால் கீறலைக் கன்ன எலும்பின்மேல் ஏற்றி, காதுப் பக்கம் சாய்த்து விடுங்கள்.

அடுத்தது டிஷ்யூ. கத்தரியால் வெட்டினீர்களா? வெட்டிய தாளுக்கு நேரான, தடித்த விளிம்பு. கையால் மெதுவாகக் கிழித்தால் விளிம்பில் பஞ்சு மாதிரி நார் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் தோலோடு கரைந்து போகும். இரண்டு அடுக்குத் தாளாக இருந்தால் பிரித்து ஒற்றை அடுக்காக்குங்கள். ஓரத்துக்கு ஒரே அடுக்கு போதும், உள்ளே போகப் போகத் தடிமன் கூடட்டும்.

அப்புறம், ஒட்டும் முன் முகத்தில் மாய்ஸ்சரைசர், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. சாதாரண ஒப்பனைக்குப் போடுவது போல இதற்கும் போட்டுவிட்டுத் தொடங்குபவர்கள் நிறைய பேர்.

செவிலி_ஒருத்தி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒப்பனைக்காரி இல்லை, மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அந்தப் பெண்ணுக்கு லேடெக்ஸை மறுபடி போடாதீர்கள். மறுநாள் சரியானதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. லிக்விட் லேடெக்ஸில் அம்மோனியா இருக்கும், அது எரிச்சல் தந்திருக்கலாம். ஆனால் இயற்கை ரப்பர் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒவ்வாமையாக இருந்தால் லேடெக்ஸ் மறுபடி மறுபடி தோலில் படும்போது அது கூடலாம். முதல் தடவை அரிப்போடு நின்றது, பின்னொரு நாள் முகம் வீங்கி மூச்சுத் திணறல் வரை போவதும் உண்டு. வீக்கமோ மூச்சுச் சிரமமோ வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு.

பலூன் ஊதும்போது உதடு அரிக்குமா, ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்குமா என்று அவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இனி யாருக்கு எதைப் பூசினாலும் முன்கையின் உள்பக்கம் ஒரு சிறு வட்டம் பூசி 24 மணி நேரமாவது கவனியுங்கள். சில ஒவ்வாமை 48 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், அதனால் இரண்டு நாள் விட்டால் நல்லது. பசை, நிறம், ரத்தம் எல்லாவற்றையும் தனித்தனி வட்டமாகப் பூசுங்கள். ஒன்றாகப் பூசினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது.

இருட்டுப்பூ:
நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. இப்போதுதான் அவளிடம் கேட்டேன், பலூன் ஊதினால் உதடு தடிக்குமாம். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். மருத்துவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். லேடெக்ஸை அடியோடு விட்டுவிட்டேன். டிஷ்யூவைக் கத்தரியால்தான் வெட்டினேன், அதுவும் உண்மை. இனி லேடெக்ஸ் இல்லாமல் எதில் செய்வது?

மெழுகுவிரல்:
செவிலி அம்மா சொன்னதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஓரத்திலேயே என் கவனம் போய்விட்டது. ஒப்பனைப் பஞ்சு, கையுறை இவற்றிலும் லேடெக்ஸ் இருக்கும், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஜெலட்டினுக்கு மாறுங்கள். அது விலங்கிலிருந்து எடுப்பது, அதனால் நாயகியிடம் முதலில் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு. கலந்து ஊற விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அவளுடைய ஃபவுண்டேஷனிலேயே கொஞ்சம் எடுத்து அதில் கலந்துவிடுங்கள். உள்ளிருந்தே அவள் நிறம் வருவதால் அந்த வெளிறிய திட்டு வராது. எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி, ஓரத்தை இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக இழுத்துவிடுங்கள். நன்றாக ஆறி இறுகிய பிறகுதான் முகத்துக்குக் கொண்டு போக வேண்டும். சூடான ஜெலட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், முகத்தில் நேராக ஊற்றவே கூடாது.

ஒட்டுவதற்கு ப்ரோஸ்-எய்ட் என்ற நீர் அடிப்படைப் பசை, இரண்டு நாள் வட்டப் பரிசோதனைக்குப் பிறகு. பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் நிறம் போய்விடும். தோலில் ஒரு பூச்சு, ஜெலட்டின் துண்டின் அடியில் ஒரு பூச்சு. இரண்டும் நிறம் போகும் வரை பொறுத்திருந்து அழுத்துங்கள், பிடித்துக்கொள்ளும். ஈரத்திலேயே அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி எனக்குப் பிடித்த கட்டம். பஞ்சுக்குச்சியை வெந்நீரில் தொட்டு, சூடு பொறுக்கிறதா என்று உங்கள் மணிக்கட்டில் பார்த்துக்கொண்டு, ஜெலட்டின் ஓரத்தின்மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அந்த விளிம்பு கண் முன்னாலேயே உருகித் தோலுக்குள் மறையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது விடாமல் அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். மறைந்த பிறகு பவுடர் ஒற்றி, பிறகு நிறம்.

ஒரு குறை உண்டு. வியர்வையும் சூடான விளக்கும் ஜெலட்டினுக்கு ஆகாது, நீண்ட நேரக் காட்சியில் இளகிவிடும். மாற்றுத் துண்டு கையில் இருக்கட்டும். பிரிக்கும்போது இழுக்க வேண்டாம், பசையைக் கரைக்கும் ரிமூவரைப் பிரஷ்ஷால் ஓரத்துக்கு அடியில் விட்டுவிட்டு, தானாகக் கழன்று வரும் வரை காத்திருங்கள்.

சிலிக்கானைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தோலின் ஒளி ஊடுருவும் தன்மை அதில் அருமையாக வரும், மறுக்கவில்லை. ஆனால் பிளாட்டினம் சிலிக்கான் என்ற வகை, கந்தகம் கலந்த களிமண்ணிலோ லேடெக்ஸ் கையுறையிலோ பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். மூன்று வாரத்தில் அந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

ஒளிக்காரன்:
ரத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கேமரா பக்கம் இருப்பவன். வெளிறிய வாக்ஸ்மேல் மெல்லிசாகப் பூசிய சிவப்பு, அதோடு குளிர்ந்த வெள்ளை எல்இடி வெளிச்சம். ரோஜா நிறம் அப்படித்தான் வந்திருக்கும். ரத்தத்தில் துளி நீலமும் கொஞ்சம் பழுப்பும் கலந்து பாருங்கள். எந்த விளக்கில் எடுக்கப் போகிறீர்களோ அதே விளக்கில், அதே கேமராவில், வைட் பேலன்ஸை (விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பு) தானியங்கியில் விடாமல் நிலையாக வைத்து எடுங்கள். கண்ணாடியை நம்பாதீர்கள்.

காயம் முழுவதும் ஒரே சிவப்பு வேண்டாம். வெட்டின் ஆழத்தில் ஏறக்குறைய கறுப்பு, மேலே வர வர அடர் சிவப்பு. ஈரமான இடம் மட்டும் மினுங்கட்டும், கிளிசரின் தொட்டால் போதும். காய்ந்த ரத்தம் பழுப்பு, அதில் மினுக்கம் இருக்காது.

இன்னொன்று. காயம் படும்போது அவள் நிற்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா? நின்றால் ரத்தம் தாடைக்கு இறங்கும், மல்லாந்து கிடந்தால் காதுப் பக்கம் ஓடும். இயக்குநரிடம் கேட்டுவிட்டுத் துளி விடுங்கள்.

மூன்று நாள் கழித்து வரும் காட்சிக்கு நிறைய பேர் மஞ்சளும் பச்சையும் பூசிவிடுகிறார்கள். கன்றிப்போன இடம் பச்சை, மஞ்சளாகப் பொதுவாக ஐந்தாறு நாளாவது ஆகும். மூன்றாம் நாள் என்றால் ஊதாவும் கருநீலமும்தான், வெட்டின்மேல் கரும்பழுப்புப் பொருக்கு. மாநிறத் தோலில் இளஞ்சிவப்பு எடுக்காது, அரக்கும் அடர் ஊதாவும்தான் எடுக்கும்.

பழைய_ரீல்:
படிப்பு பற்றிக் கேட்டீர்களே. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973இல் வந்த தி எக்ஸார்சிஸ்ட் படத்தில் நாற்பதுகளில் இருந்த நடிகர் மாக்ஸ் வான் சிடோவை முதிய பாதிரியாராக மாற்றியவர் அவர்தான். முகத்துக்கு ஒரே துண்டாக மூடி போடாமல், ஒன்றன்மேல் ஒன்று படியும் மெல்லிய துண்டுகளாகப் பிரித்து ஒட்டும் முறையை நிலைநிறுத்தியவர். அப்படிச் செய்தால் நடிகரின் முகம் அடியில் தாராளமாக அசையும். உங்கள் வாயோரப் பிரச்சினையும் அதே பிரச்சினைதான். அவர் 1965இலேயே வீட்டில் கிடைக்கும் பொருட்களை வைத்துப் பேய் முகங்கள் செய்யச் சிறுவர்களுக்காக ஒரு கையேடு எழுதியிருக்கிறார். தேடிப் படியுங்கள்.

பயிற்சி வகுப்பு நல்லதுதான், முக்கியமாக முழு முக வார்ப்பு, அதாவது முகம் முழுவதும் அச்சுப்பொருள் பூசி அச்சு எடுப்பதை மட்டும் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருடைய மூக்கும் வாயும் உங்கள் கையில் இருக்கும் வேலை அது, தனியாகச் செய்து பழகக் கூடாது. மற்றதற்கு அனுமதி தேவையில்லை. செய்த ஒவ்வொன்றையும் நேர்முகம், இரு பக்கம் என்று படமெடுத்து வையுங்கள். நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள், படப்பிடிப்பில் காயம் இடம் மாறாமல் இருக்கவும் அதுதான் உதவும்.

இருட்டுப்பூ:
நாயகி ஜெலட்டினுக்குச் சம்மதித்தாள். இரண்டு நாள் வட்டப் பரிசோதனையில் எதுவும் வரவில்லை, இன்று முழு ஒத்திகை. கீறலைக் கன்ன எலும்புக்கு ஏற்றினோம். அவள் இரண்டு மணி நேரம் பேசினாள், அழுதாள், ஒரு காட்சியில் கத்தினாள். காதுப் பக்கம் மட்டும் வியர்வையில் லேசாகக் கிளம்பியது, மற்றதெல்லாம் நின்றது. ஒளிப்பதிவாளர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, மருந்து போடட்டுமா என்று அவளிடம் கேட்டார்!

கடைசியாக ஒன்று. நான்கு நாள் படப்பிடிப்பு. கையால் ஊற்றினால் ஒவ்வொரு துண்டும் வேறு மாதிரி வருகிறது. எல்லாம் ஒன்றுபோல வர வழி உண்டா?

மெழுகுவிரல்:
காயத்தைப் பிளாஸ்டிசின் என்ற காயாத களிமண்ணில் ஒரு வழவழப்பான பலகைமேல் வடித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வேலி மாதிரி கட்டி மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினால் அச்சு கிடைத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் வாஸ்லின் தடவி ஜெலட்டினை அதில் ஊற்றுங்கள், எத்தனை வேண்டுமானாலும் ஒரே மாதிரி வரும். பிளாஸ்டரைப் பலகையில் மட்டும் ஊற்றுங்கள், முகத்திலோ கையிலோ நேராக வேண்டவே வேண்டாம். இறுகும்போது 60 டிகிரி வரை சூடேறும், புண்ணாகிவிடும்.

நாளுக்கு இரண்டு என்று எட்டுத் துண்டு ஊற்றி, பிளாஸ்டிக் தாளுக்கு இடையில் வைத்து மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். காதுப் பக்கம் கிளம்பியதற்கு, அந்த இடத்தில் மட்டும் பசைக்கு முன் தோலை ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். அச்சு எடுத்ததும் படம் போடுங்கள் தங்கச்சி, ஓரம் பார்க்க ஆசையாக இருக்கிறது.