ரேயா கலனாகி: வரலாறு பயின்றவர் நாவலுக்கு வந்த வழி

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்):
வணக்கம். வரலாற்றில் முதுகலை முடித்த நான், 1921ஆம் ஆண்டின் சென்னைப் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி வருகிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் குரல் கேட்கிறது. புளியந்தோப்புத் தொழிலாளர் குடும்பங்களின் குரல் அரிதாகவே கேட்கிறது. கிரேக்க எழுத்தாளர் ரேயா கலனாகி இத்தகைய இடைவெளிகளை எப்படிக் கையாண்டார் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பெரம்பூர் வாசகர்):
தம்பி, 1947இல் கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகரில் பிறந்த கலனாகி, ஏதென்ஸில் வரலாறும் தொல்லியலும் பயின்றவர். ஆயினும் 1975இல் ஒரு கவிஞராகவே அறிமுகமானார். 'இஸ்மாயில் ஃபெரிக் பாஷாவின் வாழ்க்கை' என்ற முதல் நாவல் 1989இல்தான் வெளிவந்தது. கிரீட்டில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் சிறைபிடிக்கப்பட்டு எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இஸ்லாமியராக வளர்ந்து அந்நாட்டின் போர் அமைச்சராகவே உயர்ந்த ஒருவர், ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக 1866இல் தொடங்கிய கிரீட் கிளர்ச்சியை அடக்கப் படையுடன் தன் பிறந்த மண்ணுக்கே திரும்புகிறார். ஏதென்ஸில் செல்வந்தராகிவிட்ட அவருடைய உடன்பிறந்தவரோ அதே கிளர்ச்சிக்குப் பொருளுதவி செய்கிறார். இவை புனைவல்ல, நடந்தவை. அந்த மனிதர் உள்ளுக்குள் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. அங்கேதான் கலனாகி நுழைகிறார். எகிப்து ஆண்டுகளைப் படர்க்கையில் சொல்லிவந்தவர், ஊர் திரும்பியதும் பாஷாவையே தன்மையில் பேச வைக்கிறார். பாஷாவின் மரணத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வழங்குகின்றன. நாவலுக்கு அந்த முரணே வளமாகிறது. யுனெஸ்கோவின் பிரதிநிதித்துவப் படைப்புகள் வரிசையில் இடம்பெற்ற முதல் கிரேக்க நாவல் இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதில் (ராயபுரம் வாசகி):
பெரம்பூர் ஐயா சொன்னதோடு 'எலெனி அல்லது யாருமில்லை' நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998இல் வெளிவந்து அடுத்த ஆண்டே கிரேக்க அரசு விருதைப் பெற்ற நூல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண் வேடமிட்டு இத்தாலியில் ஓவியம் கற்ற எலெனி அல்தமுரா, தம் பிள்ளைகளைக் காசநோய்க்குப் பறிகொடுத்த பிறகு தம் ஓவியங்களைத் தாமே எரித்தார் என்பார்கள். சான்றுகளையே தீயிலிட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதுவதற்கு வரலாற்று அறிவு மட்டும் போதாது. பெயரற்றுப் போனவர்கள் மீது ஆழ்ந்த மதிப்பும் வேண்டும். புளியந்தோப்புப் பெண்களை எழுதவிருக்கும் உங்களுக்கு இந்த நாவலே நெருங்கியதாக இருக்கும் என நம்புகிறேன்.

பதில் (வியாசர்பாடி வாசகர்):
தோழர், இருவர் சொன்னதையும் ஏற்கிறேன்; ஆனால் இவ்விரண்டு நாவல்களும் தனிமனிதரை மையமாகக் கொண்டவை. ஒரு வேலைநிறுத்தத்தையோ, ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே அப்போது மூண்ட மோதலையோ ஒற்றைக் குரலில் சொன்னால், ஒரு தரப்பின் நியாயம் மட்டுமே எஞ்சிவிடும். மினோஸ் கலோகெரினோஸ் என்பவர் கிரீட்டின் பழம்பெரும் அரண்மனைத் தலமான நோசோஸில் அகழ்ந்த 1878இல் தொடங்கி 1978 வரை ஹெராக்லியோனின் நூறாண்டுகளைச் சொல்லும் கலனாகியின் 'லாபிரிந்துகளின் (புதிர்வழிகளின்) நூற்றாண்டு' நாவல் உங்கள் களத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும். இஸ்மாயில் நாவலுக்கு கே சிசெலிஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.