ஹைடல்பெர்க்கிலிருந்து ஒரு நாள் காட்டு நடை: எந்தக் கரையில் ஏறுவது?

மன்ஹைம்வாசி:
வரும் மே மாதம் என் பெற்றோர் திருச்சியிலிருந்து வருகிறார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்கு வரும் உறவினர்களைக் கோட்டைக்கும் பழைய பாலத்துக்கும் அழைத்துச் சென்று, கடைத்தெருவில் சுற்றிவிட்டுத் திரும்புவதே இதுவரை எங்கள் வழக்கமாக இருந்தது. இம்முறை நகரைச் சூழ்ந்த ஓடன்வால்டு மலைக்காட்டில் ஒரு முழு நாள் நடக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அப்பா நாள்தோறும் நடப்பவர் என்றாலும், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நெக்கர் ஆற்றின் வடகரையில் ஹைலிகென்பெர்க், தென்கரையில் கோனிக்ஷ்டூல் என்று இரண்டு மலைகள் இருக்க, ஒரே நாளில் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

நெக்கர்க்கரை:
தென்கரைதான் என்பேன். ஏறிய வழியிலேயே இறங்காமல், காட்டைக் கடந்து நெக்கர்கெமுண்ட் என்னும் அடுத்த ஆற்றங்கரை ஊருக்குச் சென்று, அங்கிருந்து எஸ்-பான் ரயிலில் திரும்புங்கள். நெக்கர்ஷ்டைக் என்னும் நெடுநடைப் பாதையின் முதல் பகுதி இதுவே. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரம். வழியெங்கும் நீல நிற 'என்' எழுத்துக் குறி மரங்களில் வரையப்பட்டிருக்கும். இரு ஊர்களுக்கு இடையே காட்டு வழியாக நடந்து போய்ச் சேரும்போது, இந்த நகரம் ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்பது காலுக்கே புரியும். மலைகளுக்கிடையே நெருங்கி ஓடிவரும் ஆறு சமவெளியில் விரியும் வாசலில்தான் ஹைடல்பெர்க் நிற்கிறது.

கோட்டையிலிருந்து 568 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு 'ஹிம்மல்ஸ்லைட்டர்', அதாவது வான் ஏணி எனப்படும் கற்படி வழி உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகள் ஒழுங்கற்றவை. மழை பெய்தால் வழுக்கும். அப்பா விரும்பினால் அதில் ஏறட்டும். அம்மா கோர்ன்மார்க்ட் நிலையத்திலிருந்து பெர்க்பான் மலை ரயிலில் ஏறி, மோல்கன்கூரில் வண்டி மாறி உச்சிக்கு வந்துவிடலாம். 1907-இல் திறக்கப்பட்ட அந்த மேற்பகுதிப் பாதையில் பழைய மரப்பெட்டிகளே இன்றும் ஓடுகின்றன. அந்தப் பயணமே அவருக்குப் பிடிக்கும். பராமரிப்புக்காக ரயிலைச் சில நாட்கள் நிறுத்துவதுண்டு என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சியிலிருந்து நெக்கர்கெமுண்ட் வரை பெரும்பாலும் இறக்கம்தான். வலியுள்ள முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம் என்பதால், இரண்டு ஊன்றுகோல்களை அவசியம் கொண்டுசெல்லுங்கள். வழியில் தென்படும் செம்மணற்பாறைகளை அவர்களுக்குக் காட்டுங்கள்; கோட்டையின் சிவப்பு இதே கல்லின் சிவப்புதான்.

பழம்பாதையாளர்:
மேலே சொன்ன வழி அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரலாற்றுக்காக ஹைடல்பெர்க் வருபவர்கள் வடகரையைத் தவறவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. பழைய பாலத்தைக் கடந்து, மதிற்சுவர்களுக்கிடையே வளைந்தேறும் ஷ்லாங்கன்வேக் வழியாகத் தத்துவவாதிகள் பாதையை அடைந்தால், ஆறும் பாலமும் கோட்டையும் ஒரே பார்வையில் எதிரே விரியும். அதற்கு மேலே காட்டுக்குள், ரோமானியர்களுக்கு முன்பே இங்கு வாழ்ந்த கெல்டிக் மக்கள் எழுப்பிய இரட்டை மண்மதில்களின் தடங்களும், 11ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித மிக்கேல் மடத்தின் இடிபாடுகளும் இருக்கின்றன. அந்த மடத்துக்கு முன்பே அதே இடத்தில் ரோமானியர்கள் மெர்குரி தெய்வத்துக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். அருகிலேயே நாஜி அரசு 1935-இல் திறந்துவைத்த திங்ஷ்டேட்டே என்னும் திறந்தவெளி அரங்கம் மரங்களுக்கிடையே கிடக்கிறது. வழிபாட்டுக்குரியதாக இருந்த ஒரு குன்றை ஓர் ஆட்சி தன் பரப்புரைக்கு எப்படி எடுத்துக்கொண்டது என்பதை அந்தப் படிவரிசையில் உட்கார்ந்து பேசுவது, வளர்ந்த பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் பயன்படும்.

எனினும் ஒரே நாள், அதுவும் முழங்கால் வலி என்னும்போது, நெக்கர்க்கரை சொன்ன வழியையே நானும் ஆதரிக்கிறேன். வடகரையில் மலை ரயில் கிடையாது. தத்துவவாதிகள் பாதையை மட்டும் வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மன்ஹைம்வாசி:
இருவருக்கும் நன்றி. அம்மாவை மலை ரயிலில் அனுப்பிவிட்டு, அப்பாவும் நானும் படியேறுகிறோம். உண்ணிகளைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்களே, மே மாதத்தில் அவ்வளவு கவனம் தேவையா?

நெக்கர்க்கரை:
தேவைதான். உண்ணிக்கடியால் பரவும் மூளையழற்சி நோய்க்கான ஆபத்துப் பகுதிகளில் ஹைடல்பெர்க்கும் அடங்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு என்றாலும் அது பல தவணைகளில் போடப்படுவது. ஆகவே நீங்கள் இங்கேயே வசிப்பவர் என்ற முறையில் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், பெற்றோருக்கும் சேர்த்துக் கேளுங்கள். உண்ணிகளால் பரவும் இன்னொரு நோயான போரேலியா தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை. எனவே முழுநீளக் கால்சட்டையை காலுறைக்குள் செருகி, புல்லடர்ந்த ஓரங்களைத் தவிர்த்து நடங்கள். அம்மா சேலையில் வருவதாக இருந்தால் அன்று ஒரு நாள் மட்டும் சல்வாருக்கு மாறச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவாமல், நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.