போனாக இருந்த மேசை விளக்கு: அசலா, என்ன மதிப்பு?

மாடிவீடு:
பெரியப்பாவின் படிப்பு மேசையில் இருந்த விளக்கு என் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்து கேண்டில்ஸ்டிக் போனை யாரோ விளக்காக மாற்றியிருக்கிறார்கள். நிமிர்ந்த தண்டு, உச்சியில் பேசும் குழல், பக்கத்துக் கொக்கியில் ரிசீவர். டயல் கிடையாது. குழலுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பி மேலே போய் பல்பு ஹோல்டரையும் துணிக் குடையையும் தாங்குகிறது. ரிசீவரை எடுத்தால் எரியும், மாட்டினால் அணையும். சின்ன வயதில் நாங்கள் அதை எடுத்து எடுத்து வைப்போம், பெரியப்பா "யாருடா லைன்ல?" என்று உள்ளேயிருந்து கேட்பார்.

கறுப்புப் பூச்சு உரிந்த இடத்தில் மஞ்சள் உலோகம் தெரிகிறது. தண்டின் பின்புறம் பொடி எழுத்தில் 'வெஸ்டர்ன் எலக்ட்ரிக்' என்ற கம்பெனிப் பெயர் மட்டும் படிக்க முடிந்தது. இது நிஜமான போன்தானா, அலங்காரத்துக்கு வார்த்ததா? விற்கப் போவதில்லை. பங்கு பிரிக்கும்போது தங்கையிடம் நியாயமாக ஒரு மதிப்பு சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

பளபள:
மிச்சப் பூச்சையும் உரித்துப் பித்தளையை நன்றாகத் தேய்த்து விடுங்கள். தங்கம் மாதிரி மின்னும். இரண்டு மடங்கு விலை போகும்.

பழைய லைன்மேன்:
ஐயோ, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, பித்தளை மேல் கம்பெனியே போட்ட பூச்சு. வீட்டை அலங்கரிப்பவருக்கு மினுமினுப்பு பிடிக்கும். சேகரிப்பவர் உரிந்த பூச்சைக்கூடப் பொறுத்துக்கொள்வார், உரித்த பூச்சைப் பொறுக்கமாட்டார்.

நான் இவற்றை ரிப்பேர் செய்கிறவன், கொஞ்சம் சேர்த்தும் வைத்திருக்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். சாதாரணக் காந்தத்தைத் தண்டில் வையுங்கள். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம். ஆனால் பொம்மை வார்ப்புகளில் வரும் மலிவான கலவையிலும் ஒட்டாது, அதனால் கையில் தூக்கிக் கனத்தையும் பாருங்கள். அப்புறம் ரிசீவர். காதில் வைக்கும் மூடி திருகினால் கழன்று வரும். உள்ளே மெல்லிய இரும்புத் தகடும் அதன் கீழே நிரந்தரக் காந்தமும் இருந்தால் அது காதில் பேசிய ரிசீவர்தான். ஒருமுறை 'முழு அசல்' என்று சொன்னவரிடம் நம்பி ஒன்று வாங்கினேன். வீட்டில் வந்து திருகினால் உள்ளே சிமெண்ட், கனத்துக்காக அடைத்திருக்கிறார்கள்! அன்றிலிருந்து திருகிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. ரிசீவரின் உடல் எபோனைட்டாக, அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பராக, இருந்தால் வெயில் பட்ட பக்கம் பழுப்பேறியிருக்கும். துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும்.

டயல் இல்லை என்பதை வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் போன்களைப் பயன்படுத்திய பெல் தொலைபேசி நிறுவனம் டயலைக் கொண்டுவரத் தொடங்கியது 1919இல்தான், அதற்குப் பிறகும் ஆபரேட்டரைக் கூப்பிட்டுப் பேசும் ஊர்கள் ஏராளம் இருந்தன. தண்டில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள். போன் அதற்கு முன்னால் செய்யப்பட்டதல்ல என்பது மட்டும்தான் அதில் தெரியும். பலர் முதல் தேதியை எடுத்துக்கொண்டு வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

மணி எங்கே என்று தேடாதீர்கள். இந்த வகை போனில் பொதுவாக மணி இருக்காது. மணியும் சுருளும் சுவரில் தனிப் பெட்டியில் இருந்தன. அமெரிக்காவில் 1927க்குப் பிறகு பேசுவதும் கேட்பதும் ஒரே கைப்பிடியில் வர ஆரம்பித்ததும் இவை மெல்ல ஓரங்கட்டப்பட்டன. தண்டு உள்ளே குழாய், ஒயர் விட அதைவிட வசதி எது? அப்படித்தான் இத்தனை விளக்குகள் முளைத்தன.

மதிப்பு என்று கேட்டால், மாற்றியவர் எதைத் தொடாமல் விட்டார் என்பதைப் பொறுத்தது. புதிதாகத் துளை போட்டாரா? குழலுக்குப் பின்னால் டிரான்ஸ்மிட்டர், அதாவது பேச்சை மின்சாரமாக மாற்றும் பாகம், இருக்கிறதா? அடியில் உள்ள ஃபெல்ட்டைக் கிழிக்காமல் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

மாடிவீடு:
பார்த்துவிட்டேன். காந்தம் ஒட்டவில்லை, நல்ல கனம். ரிசீவருக்குள் காந்தம் இருக்கிறது! தண்டில் 20ஏஎல் என்றும் ஏதோ தேதிகளும் இருக்கின்றன. விளக்கு ஒயர் அடிப்பாகத்தின் பின்பக்கத் துளை வழியாக வருகிறது, அந்தத் துளையின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. தண்டின் உச்சியில் மட்டும் ஒரு துளை, விளிம்பு பிசிறாக இருக்கிறது. குழலுக்குப் பின்னால் காலி.

பழைய லைன்மேன்:
அப்படியென்றால் நிஜமான போன்தான். பின்பக்கத் துளை அசல், போன் ஒயரே அந்த வழியாகத்தான் வந்தது. உச்சித் துளைதான் காயம். அதை அடைக்கலாம், மறைக்க முடியாது. டிரான்ஸ்மிட்டரைத் தனியாகத் தேடி வாங்கிப் பொருத்தலாம். ஆனால் 20ஏஎல் ஏராளமாகச் செய்த மாடல். 11 துளை டயல் வைத்த ஸ்ட்ரோஜர் என்ற அரிதான ஆரம்பகால போனாக இருந்திருந்தால் நானே உங்களைத் தூங்க விட்டிருக்கமாட்டேன். இதைத் திரும்ப போனாக்க ஆகும் செலவு, அப்படி ஆக்கிய போனின் விலையைத் தாண்டிவிடும். தங்கையிடம் விளக்குக்கான விலையையே சொல்லுங்கள். அதையும் விற்பவர்கள் எழுதிவைத்த விலையைப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஏலத்தில் உண்மையில் கைமாறிய விலைகளை நாலைந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிளக் விஷயம்: அந்தக் கொக்கிக்குள் இருக்கும் தகடுகள் 48 வோல்ட்டுக்கும் மிகச் சின்ன மின்னோட்டத்துக்கும் செய்தவை. அதில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் பொறி பறக்கும். உள்ளே ஒயரின் உறை எங்காவது பொடிந்து பித்தளையைத் தொட்டால் போன் முழுவதும் ஷாக். நீங்கள் சின்ன வயதில் விளையாடியது இதில்தான். 12 வோல்ட் அடாப்டரும் எல்.இ.டி. பல்பும் போட்டால் கொக்கியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மாடிவீடு:
அந்த விளையாட்டை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது. பழைய ஒயரை உருவியபோது உறை விரலோடு பொடியாக வந்தது. தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் காதில் வாங்கவே இல்லை. "விளக்காகவே எனக்குக் கொடு, கொக்கி வேலை செய்யணும்" என்கிறாள். அடாப்டர் ஒயர் அந்தப் பின்பக்கத் துளையில் நுழையுமா, அல்லது முனையை வெட்டித்தான் விட வேண்டுமா?

பழைய லைன்மேன்:
முனையை வெட்டி ஒயரை நுழைத்துவிட்டு, உள்ளே சாலிடர் வையுங்கள். துளையை மட்டும் பெரிதாக்காதீர்கள்.