கடனைத் தீர்க்க அரசு பணத்தை அச்சடித்தால் விலைவாசி எப்போது ஏறும்?

குடியாத்தம் லுங்கி வியாபாரி:
எங்கள் ஊரில் தறிக்காரர்கள் கூடும் இடத்தில், "நோட்டு அடிப்பது அரசாங்கம்தானே, நெசவாளர் கடனை அதைக் கொண்டே தீர்த்தால் என்ன?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. விலைவாசி ஏறிவிடும் என்று இதுவரை சொல்லி வந்தேன். ஆனால் 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கி அவ்வளவு பணத்தை உருவாக்கியும் அங்கே பத்தாண்டுகளுக்குப் பெரிய விலையேற்றம் இல்லை. கொரோனாவுக்குப் பின் அதையே செய்தபோது, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. ஒரே செயலுக்கு இருவேறு விளைவு ஏன் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காட்பாடி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
தம்பி, பணம் எவ்வளவு உருவானது என்பதோடு, அது யார் கைக்குப் போனது, அந்த நேரத்தில் சரக்கு இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008க்குப் பின் அமெரிக்க மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கியதால், ஒரு லட்சம் கோடி டாலருக்கும் குறைவாக இருந்த அதன் சொத்துக் கணக்கு 2014 இறுதியில் ஏறத்தாழ நான்கரை லட்சம் கோடி டாலராகப் பெருகியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி, வங்கிகள் அதே மத்திய வங்கியில் வைத்திருந்த கணக்கில் வட்டி வாங்கிக்கொண்டு கிடந்தது; கடன் கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் துணிவில்லை. 2020இலும் 2021இலும் நடந்தது வேறு: அரசே குடும்பங்களுக்கு நேரடியாகக் காசோலை அனுப்பியது, மத்திய வங்கி பத்திரங்களை வாங்கிக் குவித்தது, அதே வேளையில் ஆலைகளும் துறைமுகங்களும் முடங்கிக் கிடந்தன. வாங்கும் கை பெருகி, விற்கும் சரக்கு சுருங்கினால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

1923இல் ஜெர்மனியில் நடந்ததும் இதன் கடைக்கோடிதான். பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்ற, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்கு ஜெர்மன் அரசு நோட்டு அடித்தே கூலி கொடுத்தது. உற்பத்தி நின்றது, நோட்டு நிற்கவில்லை. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றாகிவிட்டது.

உங்கள் தறிக்காரர்கள் கேட்பதற்கு என் பதில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நெசவாளர் கடன் அளவுக்கு ஒரே ஒரு முறை பணம் உருவாக்கினால் நாட்டின் விலைவாசி அசையவே அசையாது. ஆனால் இன்று தறிக்குச் செய்ததை நாளை தேர்தல் வரும்போது மற்றவர்க்கு மறுக்க முடியாது என்பதுதான் அச்சம். நம் நாட்டிலேயே 1950களின் நடுவிலிருந்து 1997 வரை, மத்திய அரசின் கையிருப்பு குறையும்போதெல்லாம் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் (அரசு ரிசர்வ் வங்கிக்கு எழுதித் தரும் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) தாமாகவே உருவாகி, ரிசர்வ் வங்கி பணம் தந்துகொண்டிருந்தது. மறுக்கும் அதிகாரமே அதற்கு இல்லை. 1997இல் அந்த முறை ஒழிந்தது. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல் புதிய அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கி சில விதிவிலக்குகள் தவிர நேரடியாக வாங்கக் கூடாது. சந்தையில் பிறரிடமிருந்து வாங்கத் தடையில்லை என்பதால் பக்கவாசல் திறந்தேதான் இருக்கிறது.

ஆம்பூர் தோல் கணக்கர்:
ஐயா சொல்வது சரியே. ஆயினும் எல்லா விலையேற்றத்துக்கும் நோட்டையே பழிப்பதை ஏற்பதற்கில்லை. 2022 ஏப்ரலில் நம் நாட்டில் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காடானபோது உக்ரைன் போரால் கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் ஏறியிருந்தன. பஞ்சு விலை ஏறிய ஏற்றத்தில் அதே மாதம் பருத்தி இறக்குமதி வரியையே நீக்க வேண்டி வந்தது. குடியாத்தத்தில் நூல் வாங்குபவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 74 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் ஆண்டு முடிவில் 82ஐத் தாண்டியதால், இறக்குமதி ரசாயனம் வாங்கும் எங்களுக்கும் அடி விழுந்தது. விலையேற்றத்தை அடக்க ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கியது. அதனால் பஞ்சு விளையவில்லை. ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க நாங்கள் வாங்கும் பேக்கிங் கிரெடிட் என்ற கடனின் வட்டிதான் கூடியது.

காட்பாடி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
மறுக்கவில்லை. ஆனால் பொருள் தட்டுப்பாடு விலையை ஒரு படி ஏற்றிவிட்டு நின்றுவிடக் கூடியது. அதன் பின்னும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமானால் பணமும் பின்னாலேயே வர வேண்டும். வங்கதேசப் போர்ச் செலவு, 1972இன் வறட்சி, 1973இன் எண்ணெய் விலை, இவற்றோடு பற்றாக்குறை நிதியும் (அரசின் செலவுப் பற்றாக்குறையைப் புதுப் பணத்தால் நிரப்புவது) சேர்ந்துதான் 1974இல் பணவீக்கம் 20 விழுக்காட்டுக்கு மேல் போனது. அப்போது மக்கள் கையில் புழங்கும் பணத்தைக் குறைக்க, கூடுதல் அகவிலைப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். வட்டி உயர்வு சிறுதொழிலை முதலில் தாக்குகிறது என்ற உங்கள் குறை நியாயமானது. அதற்கு என்னிடம் நல்ல மாற்று இல்லை.

குடியாத்தம் லுங்கி வியாபாரி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மாநில அரசாவது இந்த வழியில் எதுவும் செய்ய முடியுமா ஐயா?

காட்பாடி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
முடியாது தம்பி. நாணயமும் நோட்டும் மாநிலத்தின் அதிகாரத்தில் இல்லை. தமிழ்நாடு அரசு பெரும்பாலும் ஏலத்தில் பத்திரம் விற்றுத்தான் கடன் வாங்குகிறது. மத்திய அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன் பாக்கி இருக்கும்வரை, அரசமைப்பின் 293ஆவது பிரிவின்படி அதற்கும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். தள்ளுபடி கேட்பவர்கள் பட்ஜெட்டில் ஒதுக்கீடு கேட்பதுதான் வழி; மனுவைப் பட்ஜெட்டுக்கு முன்பே கைத்தறித் துறையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.